ஆறாம் நாளில் கண்ட வடு

மார்கழி மாதத்து மாலை வேளை. வட தமிழகச் சிற்றூர் ஒன்றிலிருந்து நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர், மூன்று நாள் காய்ச்சலுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். தலைவலி, உடல்வலி, ஒருமுறை வாந்தி. புறப்படுமுன் வீட்டில் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றை விழுங்கியிருந்ததால் வெப்பமானி 99.4 டிகிரி ஃபாரன்ஹீட் மட்டுமே காட்டுகிறது. ரத்த அழுத்தம் சீராக இருக்கிறது. டெங்கு, மலேரியா ஆகிய இரண்டுக்கும் செய்த சோதனைகளில் நோய் தென்படவில்லை. ரத்தத் தட்டணுக்கள் மட்டும் சற்றுக் குறைந்துள்ளன. வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம் என்று கூறி, மாத்திரைகள் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்புகின்றனர். அன்று அந்தப் பிரிவில் படுக்கைகள் அனைத்தும் நிரம்பியிருந்தன. அவரைப் பரிசோதித்த இடத்தில் திரை இல்லை. மகளும் வேறு நோயாளிகளின் உறவினர்களும் சூழ்ந்து நிற்க, அமர்ந்த நிலையிலேயே பரிசோதனை முடிந்தது.

ஆறாம் நாள் இரவு மகள் அவரை மீண்டும் அழைத்து வருகிறார். இப்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது. கேட்ட கேள்விக்குத் தடுமாறி விடை சொல்கிறார். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. திரையை இழுத்துவிட்டு, வியர்வையில் நனைந்த துணியை மாற்றத் தொடங்கிய செவிலியர் சற்றே நிற்கிறார். பாவாடை நாடா இறுகும் இடுப்பு மடிப்பில், மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, பீடி நெருப்புப் பட்டாற்போல் ஒரு கரிய பொருக்கு. அதைச் சுற்றிச் சிவந்த வளையம்.

“இது எப்போது வந்தது அம்மா? வலிக்கிறதா?”

“வலி இல்லை சிஸ்டர். ஏதோ கொப்புளம் என்று விட்டுவிட்டேன்.”

இந்தப் பெண்மணி தனியொருவர் அல்லர். ‘ஸ்க்ரப் டைபஸ்’ எனப்படும் உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளின் வரலாறுகளில் பொதுவாகக் காணப்படும் செய்திகளை ஒன்றாக்கி வரைந்த உருவம் இது. ஆயினும் இதில் வரும் ஒவ்வொரு படியும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நிகழக்கூடியதே. ஒரு தொற்றுநோய் முதல் வருகையில் ஏன் கண்ணுக்குத் தப்புகிறது, அதைத் தடுப்பதில் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் உள்ள பங்கு என்ன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்றாம் நாள் ஏன் தெரியவில்லை?

தொற்றுநோய்கள் பலவும் தொடக்க நாட்களில் ஒரே முகத்துடன் வருகின்றன. டெங்கு, உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், டைபாய்டு, மலேரியா, சாதாரண வைரஸ் காய்ச்சல் ஆகிய யாவும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, சோர்வு என்றே தொடங்குகின்றன. உண்ணிக் காய்ச்சலிலும் தட்டணுக்கள் குறையும். எனவே மழைக்காலத்தில் அது டெங்கு போலவே தோற்றமளிக்கும். ஊரெங்கும் டெங்கு பேசப்படும் நாட்களில் நோயாளியும் மருத்துவரும் முதலில் டெங்குவையே நினைப்பர். அந்தச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தவுடன் இருவருக்கும் ஒரு நிம்மதி ஏற்படுகிறது. ‘அப்படியானால் இது என்ன?’ என்ற அடுத்த கேள்வி பல நேரங்களில் அந்த நிம்மதியோடு நின்றுவிடுகிறது.

சோதனைகளுக்கும் காலம் உண்டு. டெங்குவுக்குச் செய்யப்படும் என்.எஸ்.1 சோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் பயன்தரும். உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். சோதனைகள், பெரும்பாலும் முதல் சில நாட்கள் கழிந்த பின்னரே நோயைக் காட்டும். உண்ணிக் காய்ச்சலுக்கான ஐ.ஜி.எம். சோதனையை மூன்றாம் நாளில் செய்திருந்தால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்ற விடை வந்திருக்கக்கூடும். சோதனைத் தாளில் ‘இல்லை’ என்று அச்சிடப்பட்டிருப்பதற்கு ‘இன்று, இந்தச் சோதனையில் தென்படவில்லை’ என்பதே பொருள். நோயே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது.

அவசர சிகிச்சைப் பிரிவின் இயல்பையும் இங்கே சொல்லவேண்டும். அங்குள்ள மருத்துவர் உங்களை அதற்கு முன் பார்த்ததில்லை. உங்கள் பழைய நோய்களை அறியார். சில நிமிடங்களில் ஒரு முடிவுக்கு வரவேண்டியவர். அடுத்த படுக்கையில் மாரடைப்பு நோயாளி காத்திருக்கலாம். காய்ச்சலுடன் வரும் மிகப் பலருக்கு நோய் தானே தணிந்துவிடும். அவர்களுள் உயிருக்கு ஆபத்தான தொற்று உடையவர் ஒரு சிலரே. அந்தச் சிலரை முதல் பார்வையிலேயே பிரித்தறிவது அனுபவமிக்க மருத்துவருக்கும் கடினமான பணி.

அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி மற்றும் தர முகமை, 2022 டிசம்பரில் இதுபற்றிய தொகுப்பாய்வு ஒன்றை வெளியிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரில் 100 பேருக்கு ஏறத்தாழ 6 பேருக்கு நோயறிதலில் பிழை நேர்கிறது என்றும், 1,000 பேருக்கு ஏறத்தாழ 3 பேருக்கு அதனால் கடும் பாதிப்பு உண்டாகிறது என்றும் அது மதிப்பிட்டது. அந்த மதிப்பீடு மிகையானது என்று அந்நாட்டின் அவசர மருத்துவ அமைப்புகள் மறுத்தன. எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் தவறவிடப்பட்டால் பெருங்கேடு விளைக்கும் நோய்களின் வரிசையில் பக்கவாதம், மாரடைப்பு ஆகியவற்றோடு செப்சிஸ், மூளைக்காய்ச்சல், நிமோனியா, தண்டுவடச் சீழ்க்கட்டி ஆகிய தொற்றுகளும் இடம்பெற்றிருந்தன என்பது கருதத்தக்கது. அவை வெளிநாட்டு மருத்துவமனைகளை அடிப்படையாகக் கொண்ட கணக்குகள். நம் நாட்டு நிலையை அவற்றைக்கொண்டு அளந்துவிட முடியாது. ஆனால் அந்தத் தொற்றுகள் நம்மிடையேயும் உள்ளவையே.

உண்ணிக் காய்ச்சல்: கண்ணால் காணும் சான்று

உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் பெயர் ஓரியன்சியா சுட்சுகாமுஷி. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் மிகச் சிறிய உண்ணியின் இளம்பருவப் பூச்சி மனிதரைக் கடிக்கும்போது அது உடலுக்குள் நுழைகிறது. அந்தப் பூச்சி கண்ணுக்கு எளிதில் புலப்படாது, கடித்தால் வலிக்காது. கடித்து 6 முதல் 21 நாட்கள் கழித்தே காய்ச்சல் தொடங்கும் என்பதால், ஆட்டுக்குப் புல் அறுத்ததையோ, வரப்பில் அமர்ந்து இளைப்பாறியதையோ நோயாளி நோயோடு தொடர்புபடுத்த மாட்டார். தென்னிந்தியாவில் மழைக்காலத்தை அடுத்த குளிர் மாதங்களில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. வயல்வெளியில் உழைப்போருக்கே வரும் நோய் என்று எண்ணுவதும் தவறு. வீட்டைச் சுற்றிப் புதர் மண்டிய இடங்களிலும், நகர்ப்புறங்களிலும் இது வரக்கூடும்.

பூச்சி கடித்த இடத்தில் நோயாளிகள் பலருக்கு ஒரு கரிய பொருக்கு உண்டாகிறது. இது எல்லோருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் தோன்றினால் அதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. இதன் சிறப்பு யாதெனில், இது பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கும் முன்பே தோன்றிவிடுகிறது. ரத்தச் சோதனை ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய மூன்றாம் நாளிலும் இந்தப் பொருக்கு தோலில் இருந்திருக்கும். நம் பெண்மணிக்கும் அது இருந்தது. பார்க்கப்படவில்லை, அவ்வளவே.

ஏன் பார்க்கப்படவில்லை? அது தோன்றும் இடங்களே காரணம். ஆடை உடலை இறுக்கும் இடங்களிலும், தோல் மடிப்புகளிலும் பூச்சி கடிக்கிறது. இடுப்பு, தொடை இடுக்கு, பிறப்புறுப்புப் பகுதி, அக்குள், மார்பகத்தின் கீழ், முதுகு, பிட்டம், கழுத்து மடிப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் தேடவேண்டும். ஈரப்பசை மிகுந்த மடிப்புகளில் கரிய பொருக்கு உதிர்ந்து, மஞ்சள் நிற அடித்தளம் கொண்ட சிறு புண்ணாக மட்டும் தெரியலாம். வலியோ அரிப்போ இல்லாததால் நோயாளிக்கே அது தெரிவதில்லை. தெரிந்தாலும், நெரிசல் மிகுந்த இடத்தில் அதைச் சொல்லவோ காட்டவோ கூச்சம் தடுக்கிறது. மருத்துவரும் அதே கூச்சத்தை மதித்து, ஆடையை விலக்காமலே பரிசோதித்து முடித்துவிடுகிறார். இரு தரப்பினரின் நாகரிகமும் சேர்ந்து ஒரு நோயை மறைத்துவிடுகின்றன.

இது நேரும்போது இழப்பு பெரிது. ஏனெனில் உண்ணிக் காய்ச்சலுக்கு நல்ல மருந்து உண்டு. டாக்சிசைக்ளின் என்னும் விலை குறைந்த மாத்திரையைத் தக்க காலத்தில் தொடங்கினால், பெரும்பாலோருக்கு இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் தணிந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுக்கப்படுகிறது. ஆனால் மற்றத் தொற்றுகளுக்கு மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசி மருந்துகள் இந்த நுண்ணுயிரிடம் பலிக்கா. ஆகவே ‘ஆன்டிபயாடிக் ஊசி போடப்பட்டுவிட்டது’ என்பது மட்டும் போதாது. நோயை நினைத்தால்தான் அதற்குரிய மருந்து வரும். ஐயம் வலுவாக இருந்தால், சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கலாம் என்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதலும் கூறுகிறது.

தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியவை பாதிக்கப்படும். இத்தகைய கடும் நிலையில் உள்ளவர்களுக்கு எந்த மருந்து சிறந்தது என்பதை ஆராய, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்திய மருத்துவமனைகள் பல சேர்ந்து ஆய்வு நடத்தின. ஏறத்தாழ 800 நோயாளிகள் அதில் பங்கேற்றனர். 2023-இல் வெளியான அதன் முடிவு, டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் ஊசி வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பயன் மிகுந்தது என்று காட்டியது. இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல்கள், ஐந்தாம் நாளிலும் தணியாத காய்ச்சல் ஆகியவற்றை ஒருசேரக் கணக்கிட்டபோது, இரு மருந்தும் பெற்றவர்களில் அவை 33 விழுக்காட்டினருக்கும், ஒரு மருந்து மட்டும் பெற்றவர்களில் 47, 48 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தன. சிறந்த மருத்துவத்தின்கீழும் மூவரில் ஒருவருக்குத் துன்பம் நீடித்தது என்பதையும் இந்தக் கணக்கில் காணவேண்டும். நோய் முற்றுமுன் கண்டறிவதற்கு ஈடாக எந்த ஊசியும் இல்லை.

ஒரு மணி நேரத்தின் விலை

எந்தத் தொற்றும் எல்லை மீறினால் செப்சிஸ் என்னும் நிலைக்கு இட்டுச்செல்லலாம். கிருமியை எதிர்க்க உடல் மேற்கொள்ளும் போராட்டமே கட்டுமீறி, உடலின் சொந்த உறுப்புகளைச் சிதைக்கத் தொடங்குவதே செப்சிஸ். 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் ஏற்பட்டதாகவும், அவர்களில் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்ததாகவும் ஓர் உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. உலகில் நிகழும் இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இது.

அமெரிக்காவின் நியூயார்க்கில் 2012-இல் நடந்த ஒரு நிகழ்வு இந்நோயின்பால் பலருடைய கவனத்தைத் திருப்பியது. பள்ளியில் விளையாடும்போது பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கையில் சிராய்ப்பு ஏற்பட்டது. மறுநாள் காய்ச்சல், வாந்தி, கால்வலி. அவசர சிகிச்சைப் பிரிவில் வயிற்றுக் கோளாறு எனக் கருதி அவனை வீட்டுக்கு அனுப்பினர். அவன் சென்ற பின் வந்த ரத்தச் சோதனை முடிவுகள் கடும் தொற்றைச் சுட்டின. ஆனால் அச்செய்தி அவன் பெற்றோருக்குப் போய்ச் சேரவில்லை. சில நாட்களில் அவன் செப்சிஸால் இறந்தான். பெற்றோரின் விடாமுயற்சியால், 2013-இல் அம்மாநிலம் எல்லா மருத்துவமனைகளும் செப்சிஸைக் கண்டறிந்து விரைவாக மருத்துவம் தொடங்குவதற்கான விதிமுறைகளைக் கட்டாயமாக்கியது. அதன் பின்னர் 149 மருத்துவமனைகளில் 49,331 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, முதற்கட்ட மருத்துவத்தை முடிப்பதில் ஏற்படும் ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் இறப்பின் வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுகிறது என்று கண்டது.

அப்படியானால் காய்ச்சலுடன் வரும் அனைவருக்கும் உடனே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அது தீர்வாகாது. வைரஸ் காய்ச்சலுக்கு அது பயன்படாது. வேண்டாத இடத்தில் கொடுத்தால் பக்கவிளைவுகள் உண்டாகும். கிருமிகளும் மருந்துக்கு அடங்காதவையாக மாறும். எனவேதான் 2021-ஆம் ஆண்டின் பன்னாட்டுச் செப்சிஸ் வழிகாட்டுதல் இரு நிலைகளைப் பிரித்துச் சொல்கிறது. ரத்த அழுத்தம் வீழ்ந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கும், செப்சிஸ் இருப்பதற்கான வாய்ப்பு மிகுந்தவருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து. அதிர்ச்சி நிலை இல்லாமல் ஐயம் மட்டும் உள்ளவருக்கு விரைந்து ஆராய்ந்து, ஐயம் நீங்காவிடில் மூன்று மணி நேரத்துக்குள் மருந்து. சில வேளைகளில் உங்களைக் காத்திருக்கச் சொல்லி, ரத்தம் எடுத்து, மீண்டும் மீண்டும் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் அளப்பது இதற்காகவே. அந்தக் காத்திருப்பும் மருத்துவத்தின் ஒரு பகுதி. பொறுமையிழந்து இடையில் எழுந்து சென்றுவிடாதீர்கள்.

காய்ச்சல் இல்லாத தொற்று

தொற்று என்றால் உடல் கொதிக்கவேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. முதியோருக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். திடீரென்று பேச்சுக் குழறுவது, நேற்றுவரை நடந்தவர் எழ மறுப்பது, உணவை ஒதுக்குவது, ஓயாது உறங்குவது ஆகியவையே அறிகுறிகளாக இருக்கும். ‘வயதாகிவிட்டது, அப்படித்தான்’ என்று சொல்லிவிடாதீர்கள். நீரிழிவு உடையோர், புற்றுநோய் மருந்தோ ஸ்டீராய்டு மருந்தோ எடுப்போர், சிறுநீரகம் பழுதுபட்டோர் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

நீரிழிவு உடைய ஒருவருக்குப் புதிதாக முதுகுவலி தோன்றி, அதனுடன் காய்ச்சலோ, கால் வலுவிழப்போ, சிறுநீர் கழிப்பதில் தடையோ இருந்தால் அது தண்டுவடத்தில் சீழ்க்கட்டியாக இருக்கக்கூடும். இம்மூன்றும் ஒருங்கே காணப்படுவது அரிது; எனவே ஒன்று இருந்தாலும் சொல்லுங்கள். காலில் சிறு சிவப்பு மட்டுமே தெரிய, வலி மட்டும் பொறுக்கமுடியாததாக இருந்தால், தோலுக்கு அடியில் தசைவரை பரவும் கொடிய தொற்று இருக்கலாம். தோற்றத்துக்குப் பொருந்தாத வலியே அங்கு எச்சரிக்கை.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், குழந்தை நன்றாகத் தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

டெங்குவில் இதற்கு நேர்மாறான மயக்கம் ஒன்று உண்டு. காய்ச்சல் தணிந்ததும் குடும்பத்தார் மகிழ்வர். ஆனால் டெங்குவின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் நோயின் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. அப்போது 24 முதல் 48 மணி நேரம் விழிப்பாக இருக்கவேண்டும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு அல்லது நிலைகொள்ளாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே திரும்பி வாருங்கள்.

மருத்துவரிடம் சொல்லவேண்டியவை

நோயறிதலின் பெரும்பகுதி நோயாளியின் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. புறப்படுமுன் ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் தொடங்கிய நாள் எது? ‘நாலைந்து நாளாக’ என்பதைவிட ‘செவ்வாய்க்கிழமை இரவு முதல்’ என்பது பன்மடங்கு பயன்தரும். எந்தச் சோதனையை எப்போது செய்யவேண்டும் என்பது அந்த நாளைக் கொண்டே முடிவாகிறது.

ஏற்கெனவே உட்கொண்ட மருந்துகள் எவை? கடைசியாகப் பாராசிட்டமால் எடுத்த நேரம், மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைகள், வேறு மருத்துவரிடம் போட்டுக்கொண்ட ஊசி ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை அட்டையை எறிந்துவிடாமல் கையோடு கொண்டு வாருங்கள். டெங்கு ஐயம் உள்ளபோது ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகிய வலிமருந்துகள் ரத்தக்கசிவை மிகுவிக்கும். அவற்றை நீங்களாக எடுக்காதீர்கள்.

கடந்த மூன்று வாரங்களில் எங்கே இருந்தீர்கள்? வயல், தோப்பு, புதர், வெள்ளநீர், கால்நடைக் கொட்டில், வெளியூர்ப் பயணம் என எதுவாயினும் குறிப்பிடுங்கள். தேங்கிய மழைநீரில் நடந்தவருக்குக் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால், அது எலிக்காய்ச்சலைச் சுட்டலாம்.

உடலில் புதிதாகத் தோன்றிய புண், கொப்புளம், தடிப்பு ஏதும் உண்டா? வீட்டிலேயே நல்ல வெளிச்சத்தில், நோயாளியின் இசைவோடு, நெருங்கிய உறவினர் ஒருவர் தோல் மடிப்புகளைப் பார்த்துவிடுவது நல்லது. மருத்துவமனையில் கூச்சமாக இருந்தால், “திரை போட்டுப் பார்க்க முடியுமா?” என்றோ, “பெண் மருத்துவரோ செவிலியரோ உடன் இருக்கட்டும்” என்றோ கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

வீடு திரும்புமுன் கேட்கவேண்டியவை

நோயறிதலில் பிழை என்பதற்கு, அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2015-இல் ஒரு வரையறை வகுத்தன. நோயாளியின் உடல்நலச் சிக்கலுக்குச் சரியான விளக்கத்தை உரிய காலத்தில் காணத் தவறுவது ஒரு பிழை. அந்த விளக்கத்தை நோயாளிக்கு எடுத்துரைக்கத் தவறுவதும் பிழையே. இரண்டாம் பகுதி மிக முக்கியமானது. நோய் என்னவென்று மருத்துவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கும் தெரியவேண்டும். ஆகவே நான்கு வினாக்களைக் கேளுங்கள்.

இப்போதைக்கு இது என்ன நோயாக இருக்கும் என்று கருதுகிறீர்கள்? வேறு எதுவாக இருக்க வாய்ப்புண்டு? எந்தெந்தச் சோதனைகளின் முடிவு இன்னும் வரவேண்டும், அதை யார், எப்படி எங்களுக்குத் தெரிவிப்பார்கள்? எந்த அறிகுறி வந்தால், அல்லது எத்தனை நாளில் குணமாகாவிட்டால், நாங்கள் திரும்ப வரவேண்டும்?

மூன்றாம் வினாவை விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர ஒன்றிரண்டு நாட்களோ அதற்கு மேலோ ஆகும். நடைமுறையில் உள்ள தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்; அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுங்கள்.

மீண்டும் வருவது தவறன்று

வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர், மருத்துவமனையில் செவிலியர் பார்ப்பதில் பாதியை எளிதாகப் பார்க்கலாம். நோயாளி அமைதியாகப் படுத்திருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். வயது வந்தவர் நிமிடத்துக்கு 22 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் ஐயம் கொள்ளவேண்டும். குழந்தைகளில் இரண்டு மாதத்துக்குட்பட்டோருக்கு 60, ஒரு வயதுக்குட்பட்டோருக்கு 50, ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு 40 என்பன எல்லைகள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியவில்லையா, கைகால்கள் சில்லிட்டுள்ளனவா, பேச்சிலும் நினைவிலும் தடுமாற்றம் உண்டா, எழுந்து நின்றால் தலைசுற்றுகிறதா, நாக்கும் உதடும் நீலமாகத் தெரிகின்றனவா, அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோலில் உள்ளனவா என்று பாருங்கள். இவற்றுள் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். 108 ஆம்புலன்சை அழையுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், ‘இவர் வழக்கம்போல் இல்லை’ என்று உங்கள் உள்ளம் சொன்னால் அதுவும் போதிய காரணமே.

“நேற்றுத்தான் பார்த்தார்கள், இன்று மறுபடி போனால் திட்டுவார்களோ” என்று தயங்குவோர் பலர். இந்தத் தயக்கமே பல மணி நேரங்களை விழுங்கிவிடுகிறது. தொற்று நாளுக்கு நாள் வடிவம் மாறும் நோய். நேற்றைய முடிவு நேற்றைய உடலுக்கு உரியது. மீண்டும் வரும்போது முந்தைய சீட்டைக் காட்டி, “இது இரண்டாம் முறை, அன்று இல்லாத மூச்சிரைப்பு இன்று இருக்கிறது” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் மருத்துவரைப் புதிதாகத் தொடங்கச் செய்யும்.

சேர்க்கப்பட்ட பின்னும் இது பொருந்தும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கண்டறியப்படாத தொற்றால் ஒரு சிறு குழந்தை 2007-இல் இறந்த பின், அவன் பெயரால் ‘ரையான் விதி’ வகுக்கப்பட்டது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தார் கருதினால் முதலில் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லலாம். கவலை தீராவிடில் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லலாம். அதன் பின்னும் தீராவிடில் தொலைபேசியில் அழைத்து வேறு மருத்துவரின் ஆய்வைக் கோரலாம். இங்கிலாந்திலும் 2024 முதல் ‘மார்த்தா விதி’ என்னும் பெயரில் இத்தகைய முறை நடைமுறைக்கு வந்துள்ளது. பெற்ற தாயும் உடனிருக்கும் துணையும் காணும் மாற்றத்தைக் கருவிகள் காணுமுன்பே அவர்கள் கண்டுவிடக்கூடும் என்பதை இவ்விதிகள் ஒப்புக்கொள்கின்றன. நம் வார்டிலும் உங்கள் கவலையைப் பணியிலுள்ள செவிலியரிடம் சொல்லுங்கள். விடை கிடைக்காவிடில் பொறுப்புச் செவிலியரையோ பணி மருத்துவரையோ கேளுங்கள். பணிவாகவும் உறுதியாகவும் கேட்கப்படும் கேள்வி யாரையும் புண்படுத்தாது.

தொடக்கத்தில் கண்ட பெண்மணிக்கு அன்றிரவே உரிய மருந்துகள் ஏற்றப்பட்டன. சில நாட்கள் ஆக்சிஜன் தேவைப்பட்டது. பின்னர் தேறினார். பொருக்கு உதிர்ந்த இடத்தில் சிறு வடு மட்டும் எஞ்சியது. மூன்றாம் நாள் மாலையில் திரை ஒன்று இருந்திருந்தால், அல்லது மகளிடம் “காய்ச்சல் விடாவிட்டால் நாளை மறுநாளே அழைத்து வாருங்கள்” என்று ஒருவர் சொல்லியிருந்தால், அவர் மாத்திரையோடே குணமடைந்திருக்கக்கூடும். திரையை இழுத்துவிடுவது எங்கள் கடமை. காட்டவேண்டியதைக் காட்டுவதும், சொல்லவேண்டியதைச் சொல்வதும், தயங்காமல் திரும்பி வருவதும் உங்கள் பங்கு.